புதுநன்மைக் கவரில் பத்து ஃபியூஸ்

எந்த வண்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று இருபத்தெட்டு நாளாகச் சின்னதுரை தவியாய்த் தவித்தானோ, அந்த வண்டி புதன்கிழமை காலை தானாகவே வந்து அவன் கடை வாசலில் நின்றது. வெள்ளை பொலேரோ. அதன் பின்னால் கொக்கியில் மாட்டிய இரண்டு சக்கர ஜெனரேட்டர் டிரெய்லர். டிரெய்லரின் பின்பக்க இடது மூலையில் தகடு ஒரு சாண் அளவுக்கு உள்ளே போயிருந்தது. அந்த மூலையில்தான் பென்னி மோதினான்.

பென்னி அவனுடைய தங்கை ஹெலனின் புருஷன். சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் உலை வேலை. ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். சர்வீஸ் ரோட்டில் முன்னால் போன இந்த டிரெய்லர் வேகத்தடைக்காக நின்றது, பென்னி நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது மணி ஆறேகால். யாரும் லைட் போட்டிருக்கவில்லை, ரோடு நன்றாகத் தெரிகிற வெளிச்சம். பின்னால் வந்து மோதினவன் மேல்தான் தப்பு என்று ஊர் ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பக்கத்தில் ஒரு குவார்ட்டர் பாட்டில் வேறு கிடந்ததாம். அந்த சர்வீஸ் ரோட்டில் எந்த இடத்தில் விழுந்தாலும் ஒரு பாட்டில் பக்கத்தில்தான் விழ வேண்டும். இதை யார் யோசிக்கப் போகிறார்கள்? பென்னி ஒரு காலத்தில் குடித்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் சோனியாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து குடியை விட்டவன். அவன் குடித்ததை ஞாபகம் வைத்திருந்த ஊருக்கு, அவன் விட்டது மறந்துபோயிற்று.

ஊரை விடுங்கள், ஹெலனே நம்பிவிட்டாள். உடலைப் பரிசோதித்த ரிப்போர்ட் சென்னையிலிருந்து வர மாசக்கணக்கில் ஆகுமாம். அதுவரைக்கும் அவளால் காத்திருக்க முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த பென்னியின் போட்டோவைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கும்படி பீரோ மேல் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை முப்பதாம் நாள். கோயிலில் பூசைக்குச் சொல்லட்டுமா என்று சின்னதுரை கேட்டதற்கு, "புள்ள தலமேல சத்தியம் பண்ணிட்டு, குடிச்சிட்டுப் போய் சேந்தவனுக்கு நான் இன்னாத்துக்குப் பூச வெக்கணும்?" என்று கேட்டாள். அழுகையே இல்லாமல் கேட்டாள்.

சின்னதுரை மட்டும் நம்பவில்லை. சிப்காட்டுக்குத் திரும்பும் சாலையில் பதினாறு வருஷமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன் அவன். முன்னால் போகிற வண்டியின் பிரேக் லைட் எரியாவிட்டால் எப்பேர்ப்பட்ட ஆளும் அரை நொடி ஏமாந்துபோவான் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு தடவை ஸ்டேஷனுக்குப் போய், வண்டியை ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினான். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டார், எல்லா லைட்டும் எரிகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார், நீ யாரு நடுவில என்று விரட்டிவிட்டார்கள்.

இப்போது வண்டியை ஓட்டி வந்தவர் சுப்பராயன். ஆரணிக்காரர், ஐம்பத்தைந்து வயது. விபத்து நடந்த அன்றும் இவர்தான் ஓட்டினார். சின்னதுரையின் முகத்தைப் பார்க்காமல் கீழே இறங்கினார்.

"நைனா, மறுபடியும் பேஜார் பண்ணுது. பிரேக் லைட்டு ஒண்ணுகூட எரிய மாட்டேங்குது. கார்லயும் இல்ல, டிரெய்லர்லயும் இல்ல" என்றார்.

சின்னதுரை பதில் சொல்வதற்குள் அவன் போன் அடித்தது. வண்டியின் முதலாளி வீரராகவன். நெல் வயலும் உண்டு, ஜெனரேட்டர் வாடகையும் உண்டு.

"சின்னதொர, வெள்ளிக்கெழம மீஞ்சூர்ல கல்யாணம். அதுக்குள்ள வண்டிய ரெடி பண்ணிக் குடுத்துடு. உன் மாப்ள சமாச்சாரத்த நான் மனசுல வெச்சிக்கல. குடிச்சிட்டு வந்து மோதிக்கினான், தகடு ஒடுங்கிச்சி, போவட்டும். உங்க ஆளுங்க எப்பவுமே அப்பிடித்தான்."

சின்னதுரை வந்த வார்த்தையை மென்று விழுங்கினான். "சரிங்க" என்று மட்டும் சொன்னான். வண்டி கையை விட்டுப் போய்விடக் கூடாது. அதற்காக அவன் எதையும் விழுங்கியிருப்பான்.

சுப்பராயனை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றான். எதுவும் எரியவில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டியைத் திறந்தான். பிரேக் லைட்டுக்கான நீலநிற ஃபியூஸ் நடுவில் கருகி அறுந்திருந்தது. புதிதாக ஒன்றைச் சொருகி மறுபடி மிதிக்கச் சொன்னான். காரில் இரண்டு, டிரெய்லரில் இரண்டு, நாலும் பளிச்சென்று எரிந்தன.

டிரெய்லருக்குப் போகும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், கார் விளக்கு எரிந்தது. மாட்டிப் பார்த்தான், நாலும் எரிந்தன. டிரெய்லரின் விளக்குகளைத் திறந்து பல்பை ஆட்டினான். டெஸ்ட் லேம்பை வைத்து ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்த்தான். கேபிளைக் கையால் பிடித்து உலுக்கினான். எல்லாம் ஒழுங்காக இருந்தது. நின்ற இடத்தில் நின்றால் எந்த வண்டியும் யோக்கியன்தான். பிரேக் இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்ததில் பொய் எதுவும் இல்லை என்று தோன்றியபோது அவனுக்கு வாய் கசந்தது.

"வண்டிய எடுண்ணா. மெதுவா லெஃப்டுல ஒடி. ஒடிக்கும்போதே பிரேக்க மிதி" என்றான்.

கடைக்கு எதிரே இருந்த காலி மனையில் சுப்பராயன் வண்டியை இடது பக்கம் ஒடித்தார். சின்னதுரை பக்கத்திலேயே நடந்துபோனான். பிரேக்கை மிதித்தார். நாலு விளக்கும் ஒரு தடவை சிவந்தன, அடுத்த கணமே நாலும் ஒன்றாக அணைந்தன. வண்டியை நேராக்கி மறுபடி மிதித்தும் வெளிச்சம் வரவில்லை.

சாக்கை விரித்து டிரெய்லரின் கொக்கிக் கம்பிக்கு அடியில் படுத்தான். அங்கே இருந்தது. டிரெய்லரைத் தனியாக நிறுத்தும்போது முட்டுக்கொடுக்கிற சின்னச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டைக்கு அடியில் கேபிளைச் சொருகி விட்டிருந்தார்கள். நீளம் போதவில்லை. இடது பக்கம் ஒடிக்கும்போது கேபிள் விறைத்து, பட்டையின் விளிம்பில் உரசுகிறது. ஒடித்து ஒடித்து, மேல்தோல் கிழிந்து, உள்ளே பிரேக் லைட்டுக்குப் போகும் சிவப்பு வயரின் தோலும் தேய்ந்து, செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. அந்த நிலையில் பிரேக்கை மிதித்தால் கரண்டு விளக்குக்குப் போகாமல் இரும்பில் இறங்கும், ஃபியூஸ் போகும். காருக்கும் டிரெய்லருக்கும் அந்த ஒரே ஃபியூஸ்தான். ஒருமுறை போனால் நாலு விளக்கும் அவுட். ஓட்டுகிறவனுக்கு உள்ளே எதுவும் தெரியாது.

படுத்தபடியே சின்னதுரை கணக்குப் போட்டான். சிப்காட்டிலிருந்து சர்வீஸ் ரோட்டுக்கு வருகிற வழியில் ஒரு இடது திருப்பம். எவனும் பிரேக் மிதிக்காமல் அதில் திரும்ப மாட்டான். அங்கே போயிருக்கும் ஃபியூஸ். அங்கிருந்து நூறு அடியில் வேகத்தடை. டிரெய்லர் நிற்கிறது, பின்னால் ஒரு சிவப்பும் இல்லை. பென்னி என்ன செய்வான்?

அவனுக்குச் சந்தோஷம் வந்தது. ஒரு சாவை நடுவில் வைத்துக்கொண்டு சந்தோஷப்படுவது கேவலம்தான், ஆனாலும் வந்தது. "என் மாப்ள குடிக்கல" என்று டிரெய்லருக்கு அடியிலிருந்து கத்தினான். "கேட்டுக்கினியா அண்ணா? அவன் குடிக்கல!"

சின்னதுரை எழுந்து வந்து அவர் எதிரில் நின்றான். அப்போதுதான் அவனுக்கு அடுத்த கேள்வி உறைத்தது.

"அன்னிக்கி ஃபியூஸ் போயிருந்தா, இன்ஸ்பெக்டர் பாக்கும்போது எப்பிடி எரிஞ்சிச்சி?"

சுப்பராயன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துண்டு முகத்திலேயே இருந்தது.

"நான்தான் மாத்தினேன், நைனா. சத்தம் கேட்டு எறங்கிப் பாத்தேன். அந்தப் புள்ள கீழ கெடக்குது. ஜனங்க ஓடியாந்து தூக்கறாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உள்ள ஏறி பிரேக்க மிதிச்சி கண்ணாடியில பாத்தேன், பின்னால சேப்பே தெரில. ஒடனே குனிஞ்சி வேற ஃபியூஸ் போட்டுட்டேன். வேணும்னு செய்யல. போனா மாத்தறது, போனா மாத்தறது, அதே பழக்கமாப் போச்சி. அப்பறம் போலீசு வந்து கேட்டப்போ வாயத் தொறக்க பயமா இருந்திச்சி."

"பழக்கமா? எத்தினி தடவ போயிருக்குது?"

"எட்டு தடவ மாத்திட்டேன். இன்னும் ரெண்டு பாக்கி கீது, அத்தப் போட இனிமே கை வரல."

"பாக்கியா? இன்னா பாக்கி?"

சுப்பராயன் டேஷ்போர்டைத் திறந்து ஒரு கவரை எடுத்து அவன் கையில் கொடுத்தார். எண்ணெய்க் கறை படிந்த வெள்ளைக் கவர். உள்ளே நீலநிற ஃபியூஸ் இரண்டு. கவரின் மூலையில் ஒரு பொன்நிறக் கிண்ணமும் அப்பமும் அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே, 'செல்வி சோனியாவின் புதுநன்மை விழா. அன்புடன் அழைக்கும் பென்னி - ஹெலன்.'

சின்னதுரை கவரைத் திருப்பினான். பின்பக்கத்தில் மார்க்கரில் '15 ஆம்ப் - 10' என்று எழுதியிருந்தது. எழுத்து அவனுடையது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. சோனியா வெள்ளைக் கவுன் போட்டு, தலையில் பூமுடி வைத்து, முதல்முறையாக நற்கருணை வாங்கினாள். தாய்மாமன் என்று பென்னி அவனுக்கு வெள்ளை வேட்டியும் சட்டையும் எடுத்துக் கொடுத்திருந்தான். பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போகிற நேரத்தில் சுப்பராயன் போன் செய்தார். மண்டபத்துக்குப் போகிற வழியில் கடை வாசலில் வண்டி நிற்கிறது, பிரேக் லைட் எரியவில்லை, போலீஸ் பிடித்தால் வம்பு என்று கெஞ்சினார். சின்னதுரை கடைக்கு ஓடினான். ஃபியூஸைப் பார்த்தான், மாற்றினான். டிரெய்லரை மாட்டினால்தான் போகிறது என்று சுப்பராயன் சொன்னதுமே கோளாறு டிரெய்லர் வயரில் என்று தெரிந்துபோனது. பார்க்க வேண்டுமானால் அடியில் படுக்க வேண்டும். புதுவேட்டி. அந்த நேரம் பார்த்து பென்னி போன் செய்தான். "மச்சான், இல போட்டாச்சி. நீ வராம எவனும் கை வெக்க மாட்டான். சீக்கிரம் வா" என்றான்.

சட்டைப்பையில் மிஞ்சியிருந்த அழைப்பிதழ்க் கவர் ஒன்று இருந்தது. பத்து ஃபியூஸை எண்ணி அதில் போட்டு சுப்பராயனிடம் கொடுத்தான். "ஃபியூஸ் போனா மாத்திக்கோண்ணா. அப்பறமா ஒரு நாள் கொண்டா, பாத்துக்கலாம்" என்றான். இதை அவன் எத்தனையோ வண்டிக்குச் சொல்லியிருக்கிறான். அந்த வட்டாரத்தில் எல்லா எலக்ட்ரீஷியனும் சொல்வதுதான். சொல்லிவிட்டு மறந்தும் போனான். மாற்றிக்கொண்டால் வண்டி ஓடியது, ஓடுகிற வண்டியை எவன் கடைக்குக் கொண்டுவருவான்? அன்றைக்குப் பிரியாணி நன்றாக இருந்தது. பென்னி தன் கையாலேயே இரண்டாம் முறையும் வைத்தான்.

ஒரு முழம் கேபிள் கூடுதலாக விட்டு, பட்டைக்கு வெளியே கொண்டுவந்து கட்டினால் வேலை முடிந்தது. அரை மணி நேரம் ஆகாது. கவரைச் சாக்கடையில் போட்டால் அதுவும் முடிந்தது. சுப்பராயன் தன் கழுத்துக்குப் பயந்து எந்தக் காலத்திலும் வாயைத் திறக்க மாட்டார். சின்னதுரை இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. கையில் கவரை வைத்துக்கொண்டு நன்றாகவே யோசித்தான். பிறகு பொலேரோவின் சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

"வண்டி இங்கயே நிக்கட்டும். உங்க மொதலாளி கேட்டா நான் பூட்டி வெச்சிருக்கேன்னு சொல்லு" என்றான்.

ஹெலனுக்கு மத்தியானம்தான் கம்பெனியில் துப்புரவு வேலை. வீட்டில் இருந்தாள். சோனியாவின் பள்ளிக்கூடச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் கைகால் கறையோடு உள்ளே வந்ததைப் பார்த்து, "இன்னாண்ணா, நாஷ்டா துன்னியா?" என்று கேட்டாள். அப்படிக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவன் சொல்ல ஆரம்பித்தான். வழி நெடுகப் பாதியைத்தான் சொல்வது என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தான். வண்டி கடைக்கு வந்ததையும், இடது பக்கம் ஒடித்தால் ஃபியூஸ் போவதையும், கிழிந்த வயரையும், டிரைவர் ஃபியூஸ் மாற்றியதையும் சொன்னான். ஹெலன் இஸ்திரிப் பெட்டியைச் சட்டையின் ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்போ அவுரு குடிக்கலியா?"

"இல்லம்மா."

"நெசமா சொல்றியா? எனக்கு ஆறுதலுக்குச் சொல்லாதண்ணா."

"எங்கண்ணால பாத்தேன். பிரேக் லைட்டு எரியல. எவன் வந்திருந்தாலும் மோதித்தான் இருப்பான்."

ஹெலன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். பீரோ மேலிருந்து போட்டோவை எடுத்தாள். தூசி படிந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள், துடைக்கும்போதே உடைந்துபோனாள். இருபத்தெட்டு நாள் வராத அழுகை அப்போது வந்தது. "என்ன மன்னிச்சிடுங்க, என்ன மன்னிச்சிடுங்க" என்று கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் அவள் புருஷனை வாய்க்கு வந்தபடி திட்டியவள். அதையெல்லாம் இனி யாரிடம் போய்த் திரும்ப வாங்குவது?

சின்னதுரை அதோடு எழுந்து போயிருக்கலாம். போட்டோவை ஆணியில் மாட்டிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹெலன் திரும்பினாள்.

"வீரராகவன் வண்டியெல்லாம் உங்கடைக்குத்தான வரும்? உங்கண்ணுல படாம இத்தினி நாள் எப்பிடி இருந்திச்சி அந்த வயரு?"

குற்றம் சாட்டுகிற குரலில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவன் சட்டைப்பையிலிருந்து கவரை எடுத்து அவள் கையில் வைத்தான். அவளால் உடனே புரிந்துகொள்ள முடியவில்லை. தன் பெயரையும் புருஷன் பெயரையும் படித்தாள். உள்ளே இருந்த இரண்டு நீலத் துண்டுகளைப் பார்த்தாள். அவன் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னான். புதுவேட்டியைச் சொன்னான். பென்னி போன் செய்ததைச் சொன்னான். எதையும் விடவில்லை.

நடுவில் ஹெலன் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "போன் பண்ணிக் கூப்பிடச் சொன்னது நானு" என்றாள்.

அவன் முடித்தபோது இஸ்திரிப் பெட்டி சூட்டில் சட்டையின் ஓரம் கருகத் தொடங்கியிருந்தது. ஹெலன் ஸ்விட்சை அணைத்தாள். கவரை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இத்த எடுத்துக்குனு போய் போலீஸ்ல சொல்லு. குடிக்கலன்னு ஊருக்குத் தெரியணும்."

"போறேன்."

"வெள்ளிக்கெழம சாயங்காலம் பூச வெக்கறேன். இப்பவே போய் சாமியார்கிட்ட சொல்லிட்டு வரேன்."

"சரிம்மா."

"நீ வராதண்ணா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "பூசைக்கும் வராத, இந்த ஊட்டுக்கும் வராத. போலீஸ்ல சொல்லாட்டியும் வராத, சொன்னாலும் வராத. உன்னப் பாத்தா எனக்கு அந்த எல போட்ட நாளுதான் ஞாபகம் வரும்."

அன்றே ஸ்டேஷனுக்குப் போனான். எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வா என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு நாளும் வீரராகவன் போனில் கத்தினார். பெண்ணைப் பெற்றவர் மாதிரி மீஞ்சூர் கல்யாணத்துக்காகக் கண்ணீர் விட்டார், பிறகு மிரட்டினார். சின்னதுரை சாவியைக் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கே போய் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தான். ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது. அந்த மணி பூசைக்கு அடிக்கிறது. இந்நேரம் ஹெலன் முன்வரிசையில் முழங்காலில் நிற்பாள், பக்கத்தில் சோனியா, அதே வெள்ளைக் கவுனில். சாமியார் பென்னியின் பெயரைச் சொல்லுவார்.

உள்ளேயிருந்து ரைட்டர் கூப்பிட்டார். சின்னதுரை போய் நின்றான். ரைட்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர்களைப் படித்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"செத்தவன் பேரு இதுல எப்பிடி வந்திச்சி?"

"அவுரு வூட்டு விசேஷத்துக் கவருங்க. அதுலதான் ஃபியூஸ் போட்டுக் குடுத்தேன்."

"யாருக்கு?"

"டிரைவருக்கு."

"குடுத்து இன்னா சொன்ன? நீ சொன்ன வார்த்தைய அப்பிடியே சொல்லு, எழுதணும்."

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அது ஓயட்டும் என்று சின்னதுரை காத்திருந்தான். ரைட்டர் பேனாவால் மேஜையைத் தட்டினார்.

"போனா மாத்திக்கோன்னு சொன்னேன், சார்" என்றான்.